சோள வயல்களின் நடுவே ஒரு சிற்றூர்

அமெரிக்கா சென்று வந்தோம் என்று அறிந்த அன்பர்கள் பலரும் எம்மிடம் முதலிற் கேட்டது நியூயோர்க் நகரைப் பற்றியே. அந்நகரை நாம் கண்டிலோம். 2023ஆம் ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் நாம் தங்கியிருந்தது அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே. நானூறு பேருக்கும் குறைந்த குடிசனம்; தெருவிளக்கு உண்டு, போக்குவரத்து விளக்கு இல்லை; பஸ் இல்லை; புகையிரதம் வரும், ஆனால் நில்லாது. “அங்கே ஏழு வாரம் என்னதான் செய்தீர்கள்?” என்று வினவியவர்களுக்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம். ஊரின் பெயரை மட்டும் கூறாது விடுகின்றோம். விருந்துண்டு வந்தவர் வீட்டுக்காரரின் சங்கதிகளைப் பெயர் சுட்டிப் பத்திரிகையில் எழுதுவது முறையன்று.

எம்மை அழைத்தவர், கீழ் வகுப்புகளில் எம்மிடம் புவியியல் கற்ற மாணவர், இன்று வைத்தியர். பிற நாடுகளிலிருந்து பரிமாற்ற விசாவில் அமெரிக்கா சென்று மேற்பயிற்சி பெறும் வைத்தியர்கள், பயிற்சி முடிந்ததும் ஈராண்டு காலம் தம் நாட்டிற்குத் திரும்பியிருத்தல் வேண்டும் என்பது பொது விதி. வைத்தியர் பற்றாக்குறையான பகுதியில் மூன்றாண்டு பணிபுரிய இசைவோருக்கு அவ்விதி தளர்த்தப்படுவதுண்டு. நகரத்தில் வளர்ந்த அமெரிக்க வைத்தியர்கள் நாட்டுப்புறம் செல்லப் பின்னிற்பதால், அங்குள்ள சிறிய வைத்தியசாலைகள் பலவற்றில் இந்தியரும் பாகிஸ்தானியரும் எம்மவரும் நாடி பிடித்துக்கொண்டிருக்கின்றனர். எம் மாணவர் மூன்றாண்டுக்கெனச் சென்றவர். நாம் சென்றபோது அவருக்கு ஒன்பதாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

சிக்காகோவிலிருந்து மேற்கே பறந்த சிறு விமானத்தின் சாளரம் வழியே கீழே பார்த்தபோது, யாரோ அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தாற்போல நிலம் முழுவதும் சதுரம் சதுரமாய்க் கிடந்தது. இவ்வாறு கோடு கிழித்தது 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம். ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட பெருஞ் சதுரங்களாக நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் முப்பத்தாறு கட்டங்களாக வகுத்தார்கள். ஒரு கட்டம் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். கட்டத்தின் ஓரமே தெரு. ஆதலால் அங்கே தெருக்கள் வடக்குத் தெற்காயும் கிழக்கு மேற்காயும் அன்றி வேறு திசையில் ஓடுவது அருமை. வழி கேட்டால், “ஆலமரத்தடியில் திரும்பி, கடையைத் தாண்டி” என்று சொல்வாரில்லை. “வடக்கே இரண்டு மைல், பின்பு கிழக்கே ஒரு மைல்” என்பார்கள். புவியியல் ஆசிரியராகிய எமக்கு அதுவே பெருவிருந்தாயிற்று. இந்நிலம் முன்பு யாருடையதாயிருந்தது என்பது வேறு கதை. அயோவா என்ற பெயரே அங்கிருந்து அகற்றப்பட்ட ஒரு குடியின் பெயர்.

அச்சட்டத்தில் எம் மனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு விதி. ஒவ்வொரு பெருஞ் சதுரத்திலும் பதினாறாம் கட்டம் பாடசாலைக்கென ஒதுக்கப்படல் வேண்டும் என்று அது கூறிற்று. வீடு எழுமுன்பே, வேலி எழுமுன்பே, அவ்விடத்திற் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக நிலத்தில் ஒரு பங்கை எழுதி வைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் அக்கட்டங்கள் பெரும்பாலும் விற்கப்பட்டு, பணம் கல்விக்குச் சென்றது. எம் மாணவர் ஒருநாள் காரில் அழைத்துச் சென்று அவ்வூரைச் சேர்ந்த பதினாறாம் கட்டத்தைக் காட்டினார். அங்கும் சோளமே நின்றது.

வேலி என்றதும் ஒன்றைச் சொல்லல் வேண்டும். அவ்வூரில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே வேலி இல்லை. ஒருவர் வீட்டுப் புற்றரை முடியுமிடத்தில் மற்றவர் புற்றரை தொடங்குகின்றது. எங்கே முடிந்தது என்பதைப் புல் வெட்டிய உயரத்தைக் கொண்டு ஊகிக்கலாம். எல்லைக் கதியாலுக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் யாழ்ப்பாணத்திற் பிறந்த எமக்கு, முதல் வாரம் முழுவதும் யாருடைய காணியிலோ அத்துமீறி நடப்பது போன்ற கூச்சம் இருந்துகொண்டே இருந்தது.

ஊரின் தோற்றத்தை விரைவிற் சொல்லி முடிக்கலாம். அகன்ற பிரதான வீதி ஒன்று. அதன் இருபுறமும் செங்கல்லாலான இரண்டு மாடிக் கட்டடங்கள், நெற்றியில் கட்டிய ஆண்டு பொறித்தவை. பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. ஒரு வங்கி, ஒரு தபாற் கந்தோர், ஒரு சிற்றுண்டிச்சாலை, ஒரு மதுச்சாலை, ஒரே அறையிலமைந்த நூல்நிலையம், தீயணைப்பு வண்டிக் கொட்டகை, இரண்டு தேவாலயங்கள். ஊர்ப் பெயர் எழுதிய நீர்த்தாங்கி ஒருபுறம் நிற்கும். புகையிரதப் பாதையோரத்தில், ‘எலிவேற்றர்’ என்று அவர்கள் வழங்கும் தானியக் களஞ்சியம் பிரமாண்டமான கொங்கிறீற்று உருளைகளாய் எழுந்து நிற்கும். அந்தச் சமவெளியில் ஏழெட்டு மைலுக்கு அப்பாலிருந்தே கண்ணுக்குத் தெரிவது அதுதான். நம் நாட்டில் தூரத்துப் பயணிக்குக் கோபுரம் தெரிவதுபோல எனலாம்.

காலை ஆறு மணிக்கே சிற்றுண்டிச்சாலையில் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி முதியவர்கள் கூடிவிடுவார்கள். இருக்கைகள் யார் யாருக்கு என்பது எங்கும் எழுதப்படாத சட்டம். மழை எவ்வளவு பெய்தது, சோளம் என்ன விலை போகிறது, யாருடைய மகள் எங்கே மணம் முடித்தாள் என்பவை பேசப்படும். கோப்பிக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதைத் தோற்குவளை ஒன்றில் தாயக்கட்டைகளைப் போட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். தோற்றவர் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். நாம் சென்ற மூன்றாம் நாளே எமக்கும் குவளை நீட்டப்பட்டது. தோற்றோம். அதன் பின்பே எம்மைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார்கள்.

அம்மேசையில் நாம் ஒரு பிழையும் செய்தோம். அருகிலிருந்தவரிடம் அன்பாக, “உங்களுக்கு எத்தனை ஏக்கர்?” என்று கேட்டுவிட்டோம். மேசை மௌனமாயிற்று. அக்கேள்வி ஒருவரிடம் வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம் என்பதை எம் மாணவர் பின்னர் விளக்கினார். “போதிய அளவு இருக்கிறது” என்று அந்த முதியவர் புன்னகையுடன் சொல்லி எம்மைக் காப்பாற்றினார்.

நண்பகல் பன்னிரண்டுக்கு ஊர்ச் சங்கு ஊதும். சூறாவளி எச்சரிக்கைக்கு உள்ள அதே சங்குதான். நண்பகல் உணவை அவர்களில் முதியோர் ‘டின்னர்’ என்றே சொல்கின்றனர். மாலை ஐந்தரைக்கு ‘சப்பர்’ முடிந்துவிடும். இரவு எட்டு மணிக்குச் சோறுண்ணும் எமக்கு அதுவும் ஒரு தவம். கிராமத் தெருவில் எதிரே எந்த வண்டி வந்தாலும், சாரதி சுக்கானைப் பற்றிய கையில் ஆட்காட்டி விரலை மட்டும் சற்றே உயர்த்துவார். அறிந்தவர் அறியாதவர் என்ற பேதம் இல்லை. இரண்டாம் வாரத்தில் எம் விரலும் தானாகவே உயரத் தொடங்கிற்று.

தபாற் கந்தோரைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகின்றோம். அத்தகைய சிற்றூர்கள் பலவற்றுள் வீடு தேடித் தபால் வருவதில்லை. சுவரிற் பதித்த சிறு பெட்டிகளைத் திறந்து அவரவரே எடுத்துச் செல்லல் வேண்டும். ஊரார் அனைவரும் நாள்தோறும் ஒருவரையொருவர் காண அதுவே வழியாயிற்று. 2012ஆம் ஆண்டில் அமெரிக்கத் தபாற் சேவை, நட்டத்தைக் குறைக்கும் பொருட்டு, ஏறக்குறைய 13,000 கிராமத் தபாற் கந்தோர்களின் நேரத்தை நாளொன்றுக்கு ஆறு, நான்கு, அல்லது இரண்டு மணித்தியாலமாகக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டது. எம் ஊருக்குக் கிடைத்தது நான்கு மணித்தியாலம். அந்நான்கிலும் தபாலதிபராகிய அம்மையார் முத்திரை விற்றதைவிட, யார் இரண்டு நாளாகப் பெட்டி திறக்கவில்லை என்று கவனித்து, அயலவரை அனுப்பி விசாரித்ததே அதிகம் என்று நினைக்கின்றோம். தனியே வாழும் முதியவர்கள் நிறைந்த ஊர் அது.

எங்கு நோக்கினும் சோளம் என்றோம். அச்சோளத்தில் ஒரு கதிரைப் பறித்து அவித்துத் தின்னலாம் என்று நாம் ஆசைப்பட்டோம். வைத்தியரின் துணைவியார் சிரித்துவிட்டார். “சேர், அது மனிதர் தின்னும் சோளம் இல்லை!” என்றார். மெய்தான். அயோவா வயல்களில் விளையும் கடினச் சோளத்தின் பெரும்பகுதி, பெற்றோலுடன் கலக்கும் எதனோலாகவும் கால்நடைத் தீனியாகவும் மாறுகின்றது. உண்ணும் இனிப்புச் சோளம் வேறு. வீட்டுத் தோட்டத்திற் சிறிது போடுவார்கள். அம்மாநிலத்தில் மனிதர் முப்பது இலட்சத்துக்குச் சற்று மேல்; பன்றிகளோ இரண்டு கோடிக்கும் அதிகம். காற்றுத் திரும்பும் நாட்களில் இக்கணக்கை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

மரக்கறி உண்பவராகிய எமக்கு ஞாயிறு மதிய விருந்துகள் சோதனையாயின. தேவாலய மண்டபத்தில் ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு பாத்திரம் கொண்டு வந்து வரிசையாக வைப்பார்கள். அவரைக்காயிலும் பன்றியிறைச்சித் துண்டு கிடக்கும். ‘சலாது’ என்று பெயரெழுதிய பாத்திரத்தில், பழத்துண்டுகள் மிதக்கும் பச்சை நிற ஜெலி ஆடிக்கொண்டிருக்கும். ஜெலியும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பதென்பதை நாம் சொல்லவும் மனமில்லை. அடுத்த ஞாயிறு எண்பது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர், உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் சேர்த்து வேகவைத்த ஒரு பாத்திரத்தை எம் முன் வைத்து, மூடியில் ஒட்டியிருந்த காகிதத் துண்டைக் காட்டினார். “ஆசிரியருக்கு மட்டும்” என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அது வந்தது.

ஆயின் எல்லாம் இனிமை என்று எழுதினால் பொய்யாகும். அவ்வூரில் இருபதாண்டு வாழ்ந்த குடும்பத்தையும் ‘புதிதாக வந்தவர்கள்’ என்றே குறிப்பிடுவதைக் கேட்டோம். ஊர் வாய் நம்மூரைப் போலவே வேகமானது. வைத்தியரின் துணைவியார் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னார்: “சேர், இங்கே கார் பனியில் புதைந்தால் பத்துப் பேர் மண்வெட்டியோடு வருவார்கள். தங்கள் வீட்டுக்கு ஒரு தேநீர் குடிக்க வாருங்கள் என்று ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். முதல் இரண்டு மாரியும் நான் சுவரோடு பேசினேன்.” அம்மாரியில் வெப்பநிலை பூச்சியத்துக்கு இருபது பாகை கீழே இறங்குவதும் உண்டு.

உதவி என்று அவர் சொன்னதை நாமே கண்டோம். செப்டெம்பர் இறுதியில் ஒரு விவசாயிக்கு இருதய சத்திர சிகிச்சை. அறுவடை தலைக்கு மேல் நின்றது. ஒரு சனிக்கிழமை காலை, தத்தம் வயலை விட்டுவிட்டு அயலவர்கள் ஆறு அறுவடை இயந்திரங்களைக் கொண்டு வந்தார்கள். ஓர் இயந்திரம் பல இலட்சம் டொலர் பெறுமதியானது; செய்மதியின் வழிகாட்டலில் தானே நேர்கோட்டில் ஓடுவது. மாலைக்குள் அவ்வளவு சோளமும் களஞ்சியம் சேர்ந்தது. பெண்கள் வண்டிப் பின்தட்டில் வைத்து உணவு பரிமாறினார்கள். பேச்சு மிகக் குறைவு. நன்றி சொல்ல வந்த விவசாயியின் மனைவியாரைக்கூட எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்கள். 2020 ஓகஸ்ட் 10ஆம் நாள் அயோவாவைக் கடந்த பெரும் புயல் தானியக் களஞ்சியங்களைத் தகரப் பேணிபோல நசுக்கி, பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரத்தை நிறுத்தியபோதும் இவ்வாறே நடந்ததென்று எமக்குச் சொன்னார்கள்.

ஆனால் அந்த ஆறு இயந்திரங்களைக் கண்டு வியந்து நின்ற எமக்கு, ஊர் ஏன் வெறிச்சோடிக் கிடக்கின்றது என்பதும் அங்கேயே விளங்கிற்று. முன்னாளில் முப்பது பேர் வாரக்கணக்கிற் செய்ததை இன்று ஓரிருவர் செய்துவிடுகின்றனர். 1935இல் அமெரிக்காவில் 68 இலட்சம் பண்ணைகள் இருந்தன. 2022இற் கணக்கெடுத்தபோது 19 இலட்சம். 1980களில் வட்டி ஏறி, நிலவிலை வீழ்ந்து, கடன்பட்ட விவசாயிகள் பலர் பரம்பரைப் பண்ணையை ஏலத்திற் பறிகொடுத்தனர். பண்ணை ஒன்று மறையும்போது ஒரு வீடும் அவ்வீட்டுப் பிள்ளைகளும் மறைகின்றனர். அயல் மாநிலமாகிய நெப்ராஸ்காவில் மொனோவை என்று ஓர் ஊர். 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அங்கு ஒருவரே. அம்மூதாட்டியே மேயர்; தம் மதுச்சாலைக்குத் தாமே அனுமதிப்பத்திரம் வழங்கி, காலஞ்சென்ற கணவர் சேர்த்த புத்தகங்களைக் கொண்டு ஒரு நூல்நிலையமும் நடத்தினார். 2020ஆம் ஆண்டு மதிப்பில் அவ்வூருக்கு இரண்டு பேர் என்று வந்தது. தனியாரின் அந்தரங்கம் காக்கக் கணக்கை வேண்டுமென்றே சற்று மாற்றி வெளியிடுகிறார்களாம்!

எம் ஊரின் நோவு பாடசாலை. மேல்நிலைப் பிரிவை அயலூருடன் இணைத்து ஒரு தலைமுறையாகிவிட்டது. எஞ்சியது ஆரம்பப் பாடசாலை. அதையும் மூடுவதா என்று தீர்மானிக்க ஒக்டோபரிற் பொதுக் கூட்டம் நடைபெற்றது. இது அவ்வூரின் தனிக் கதையன்று. 1900ஐ அண்டிய ஆண்டுகளில் அயோவாவில் மட்டும் ஓராசிரியர், ஓரறைப் பாடசாலைகள் 12,000க்கு மேல் இருந்தன. அமெரிக்கா முழுவதிலும் 1940இல் பாடசாலை மாவட்டங்கள் 1,17,000. இன்று அவை ஏறக்குறைய 13,000.

கூட்டம் பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. ஊரே வந்திருந்தது. காலைக் கோப்பி மேசையார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தனர். அவர்கள் தொப்பியின்றி நாம் கண்டது அன்றுதான். ஒருவருக்கு மூன்று நிமிடம். இளந்தாய் ஒருத்தி, பனிக்காலத்தில் ஐந்து வயதுப் பிள்ளை இருட்டோடு பஸ் ஏறி முக்கால் மணி நேரம் போக வேண்டுமா என்று கேட்டாள். முதியவர் ஒருவர், தாமும் தம் தந்தையாரும் தம் மகனும் இம்மண்டபத்தில் விளையாடியதைச் சொல்லத் தொடங்கி, நேரம் முடியுமுன்பே அமர்ந்துவிட்டார். பின்பு சபை உறுப்பினர் ஒருவர் எழுந்தார். அவரும் கோப்பி மேசையைச் சேர்ந்த விவசாயியே; அச்சபையினருக்குச் சம்பளம் கிடையாது. தாளை வாசித்தார். அரசு பணம் தருவது மாணவர் தலைக்கணக்கில், ஒரு வகுப்பிற் பிள்ளைகள் ஏழு, மற்றொன்றில் ஐந்து, கூரை ஒழுகுகிறது, இன்னும் ஓராசிரியரை நிறுத்தினால் அயலூரில் உள்ள பிள்ளைகளுக்குச் சங்கீத ஆசிரியர் இருக்கமாட்டார். வாசித்த குரல் நடுங்கிற்று.

எம் மாணவர் எம் பக்கம் குனிந்து, “சேர் என்ன நினைக்கிறீர்கள்?” என்றார். எமது தீவுப் பகுதிப் பாடசாலைகள் சில, பிள்ளைகளின்றி மூடப்பட்டதைக் கண்டவர் நாம். ஐந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் விவாதம் நடத்த இயலாது, ஒரு பந்தாட்டக் குழுவேனும் அமைக்க இயலாது. அந்த விவசாயியின் கணக்கிற் பிழை இல்லை. அந்த இளந்தாயின் கேள்வியிலும் பிழை இல்லை. இருபது ஆண்டுக்கு மேல் கற்பித்தவராயினும், எம்மிடம் விடை இருக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தோம்.

ஐவரில் நால்வர் மூடுவதென வாக்களித்தனர். கூச்சல் எழவில்லை. சிலர் கண்களைத் துடைத்தனர். பின்பு எல்லோரும் எழுந்து, தாங்கள் இருந்த கதிரைகளைத் தாங்களே மடித்து, சுவரோரம் கொண்டுபோய் அடுக்கி வைத்தார்கள். அந்த முதியவர் விளக்குகளை அணைக்கும் வரை வாயிலில் நின்றார்.

மறுநாட் காலை ஆறு மணிக்குச் சிற்றுண்டிச்சாலைக்குச் சென்றோம். மேசை நிறைந்திருந்தது, ஓர் இருக்கை மட்டும் காலி. அதில் எவரும் அமரவில்லை. ஆறேகாலுக்கு அந்தச் சபை உறுப்பினர் வந்தார், தொப்பியைக் கழற்றாமலே அமர்ந்தார். மழை இல்லை என்றார் ஒருவர். ஆம் என்றார் மற்றொருவர். சிறிது நேரம் கழித்து, முதல்நாள் பாதியிற் பேச்சை நிறுத்திய அந்த முதியவர் தோற்குவளையை எடுத்து, ஒன்றும் பேசாமல் அவர் பக்கம் தள்ளினார். அவர் குலுக்கிப் போட்டார். தோற்றார். எல்லோருடைய கோப்பிக்கும் அவரே பணம் கொடுத்தார்.